துண்டை விலக்கிப் பார்க்கிறவர்கள்

1

வாழை வெட்டும் ஆட்களுக்கு, காயம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு துண்டறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே பக்கம், கதை வேண்டாம் என்று தனியாகவும் சொல்லி அனுப்பினார்கள். சொன்னால் கேட்கிற ஆளா நான்?

2

'தாமிரபரணி சலசலத்து ஓடிய அந்த' — வேண்டாம். இங்கே ஒருவனுக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு வாழைத்தோட்டம். தார் வெட்டும்போது அரிவாள் நழுவி நடராஜின் முன்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. உடன் வேலை செய்த அவன் மனைவி கோமு மயங்கி (அந்தச் சொல்லை அடித்துவிட்டேன், அவள் மயங்குகிற ரகமில்லை) அவனை வரப்பில் உட்காரவைத்து, கையை உயரத் தூக்கி, துவைத்த துண்டை மடித்து வெட்டின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. அது வருவதற்குள் ரத்தம் நிற்க வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பில்லை.

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று யோசித்தேன். நம் ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை, அவர்களே விசாரிக்க வருவார்கள். (வந்தவர் காயத்தைப் பார்க்காமல் திரும்பினால் அது இரு தரப்புக்கும் மரியாதைக் குறைவு.)

முதலில் வந்தவள் பக்கத்து வயல் பாலம்மாள். "ஏட்டி, ரத்தம் நின்னுட்டுதான்னு பாப்போம்" என்று துண்டை விலக்கினாள். அடங்கிக்கொண்டிருந்த ரத்தம் மறுபடி பொங்கியது.

"நிக்கலயே" என்று அவளே வருத்தமும் பட்டாள்.

கோமு முதலிலிருந்து அழுத்தத் தொடங்கினாள்.

அடுத்து தோட்டத்துக்காரர் சிவசண்முகம், வெள்ளை வேட்டியும் தோளில் சலவைத் துண்டுமாக வந்தார். "தொறந்து காட்டு. வாழமட்டைச் சாறு விட்டா சட்டுனு நிக்கும்லா."

(சாறும் கூடாது, காப்பித்தூளும் கூடாது. துண்டறிக்கைக்கு ஒரு வரி கிடைத்தது.)

நாளைக்கும் வேலை கொடுக்க வேண்டியவர் அவர். கோமு அவரிடம் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. இந்த இடத்தில் துண்டை விலக்கிவிடுவாளோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பாக்கப்படாது அண்ணாச்சி. அந்தத் துண்ட இங்கன தாங்க."

பரம்பரை மரியாதை தொங்கிக்கொண்டிருந்த துண்டு அது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எடுத்துக் கொடுத்துவிட்டார். நனைந்ததை எடுக்காமல், அதன்மேலேயே இதையும் வைத்து அவள் அழுத்தினாள்.

4

ரத்தம் நின்றது, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள் என்பது ஒரு முடிவு. இன்னொன்றை எழுத எனக்கு மனம் வரவில்லை. எது என்று சொல்ல வேண்டுமானால் நானும் துண்டை விலக்கியாக வேண்டும்.

ஆட்டோ வந்துவிட்டது. கோமு அழுத்திய கையோடு ஏறுகிறாள். மேல் துண்டும் சிவக்கத் தொடங்குகிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டு நீங்களும் எட்டிப் பார்க்கிறீர்கள்.

"பாக்கவா வந்திய?" என்கிறாள் உங்களிடம். "சுத்தமான துணி இருந்தா தாங்க."