ஐயாயிரத்து இருநூறில் படிந்த பேரம்

கடைக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்த சரித்திரம் அத்தானுக்குக் கிடையாது. அவருக்குக் குழாய்க் கடை, எங்கள் அப்பாவுக்கு இரும்புக் கடை. சம்பந்தம் பேசியபோதே இரண்டு தரப்பும் மண்டபத்து வாடகையில் ஆரம்பித்து மைக்செட் வரைக்கும் அடித்துப் பேசி, அந்தக் களைப்பில்தான் உறவானார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு. மொத்தச் சரக்கையும் ஒரே கடையில் எடுக்கக் கூடாது. பாதியை இவனிடம் எடுத்துக்கொண்டு, மீதிக்கு எதிர்க் கடைக்குப் போவதாக இவன் காதில் விழுகிற மாதிரி போனில் பேச வேண்டும். ஆணியிலிருந்து அரிசி மூட்டை வரை அப்படித்தான் வாங்கினோம். கம்ப்யூட்டருக்குள் செருகுகிற மெமரிப் பட்டையான ரேமையும் அத்தான் அப்படித்தான் வாங்கினார்.

கம்ப்யூட்டர் என் அக்காவுக்கு. கட்டாத கட்டடத்துக்குள் நடந்து பார்க்கிற மாதிரி திரையில் செய்து காட்டுவது அவள் தொழில். இத்தனை வருஷம் ஓர் ஆபீசில் செய்தாள். அவள் செய்ததைத் தான் செய்ததாக முதலாளி காட்டிக்கொண்டிருந்தார். போதும் என்று எழுந்து வந்துவிட்டாள். மூன்று மாடி ஆஸ்பத்திரி கட்டப்போகிற ஒரு டாக்டரம்மா, அன்று மத்தியானம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் வேலை அக்காவுக்கு. பிடிக்காவிட்டால் பழைய முதலாளிக்கு.

நான் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறவன். காலையிலேயே அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய், ஒரு வாசலைத் தாண்டுறதுக்குள்ள நாலு தடவை நிக்குதுடா. ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கிற மாதிரி இல்ல, நோயாளி நடக்கிற மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். ரேம் பெட்டியில் அச்சடித்த வேகம் ஆறாயிரம். மெஷின் காட்டியது மூவாயிரத்து அறுநூறு.

"ஏமாத்திட்டான் பாத்தியா," என்றார் அத்தான். செருப்பை மாட்டவே ஆரம்பித்துவிட்டார். கடைக்காரனிடம் சண்டைக்குப் போவது என்றால் அவருக்கு வயது குறைந்துவிடும்.

"இருங்க அத்தான். புது மெஷின் தானா மேல போகாது. பயாஸ்னு உள்ள ஒரு செட்டிங் இருக்கு, அதுல போய் நாமதான் சொல்லணும்."

சொன்னேன். ஆறாயிரம் என்று வைத்ததும் திரை கறுப்பாகிவிட்டது. ரேமின் வேகத்தை மாற்றினால், மெஷின் அதைப் பழகிக்கொள்ள சில நிமிஷம் எடுக்கும். அதற்குள் அணைக்கக் கூடாது. அணைக்கப் போன அத்தானின் கையைப் பிடித்து வைத்திருந்தேன். ஒருவழியாக வந்தது. மெமரி சோதனையை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு சிவப்பாகப் பிழை கொட்டியது.

மூடியைக் கழற்றி நாலு ரேமையும் வெளியே எடுத்தேன். ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண் மட்டும் இரண்டில் ஒரு மாதிரி, இரண்டில் வேறு மாதிரி. உள்ளே இருக்கிற சிப்பே வேறு.

"ரெண்டு கடையில வாங்கினீங்களா?"

"பின்ன? ஒருத்தன்கிட்டயே நாலும் கேட்டா அவன் என்னை என்ன நினைப்பான்?"

"ஒரு பெட்டியில வர்றதைத்தான் கம்பெனிக்காரன் சேர்த்து வச்சு சோதிச்சு அனுப்புவான். நாலா வேணும்னா நாலா இருக்கிற பெட்டி வாங்கணும். இது ரெண்டு ஜோடி. ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப் போகல."

அக்கா ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன், நாலா இருக்கிற பெட்டி வாங்குங்கன்னு."

"நீ சொன்ன விலைக்கு வாங்கியிருந்தா இந்நேரம் கடைய வித்திருக்கணும்."

இரண்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். ஆறாயிரத்தில் குதிரை மாதிரி ஓடியது. ஆனால் மெமரியில் இடம் பாதியாகிவிட்டதால் ஆஸ்பத்திரி திறக்கவில்லை. கட்டில், விளக்கு, கைப்பிடி என்று அக்கா ஒவ்வொன்றாகச் செய்து வைத்திருந்தாள். அதற்கு நாலும் வேண்டும். மாற்றலாம் என்றால், அடித்துப் பேசி வாங்கிய சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று இரண்டு கடைக்காரர்களும் முதலிலேயே சொல்லியிருந்தார்களாம். விவரமானவர்கள்.

நாலையும் திரும்பச் செருகி, மெஷினோடு பேரத்தில் உட்கார்ந்தேன். ஐயாயிரத்து அறுநூறு கேட்டேன், பிழை. இன்னும் இறங்கி வந்தேன். ஐயாயிரத்து இருநூறுக்குப் படிந்தது. சோதனையில் ஒரு பிழைகூட இல்லை. அக்கா ஆஸ்பத்திரியைத் திறந்து வாசலிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் நடந்தாள். எங்கேயும் நிற்கவில்லை. பிரசவ அறை ஜன்னலில் விழுந்த வெயில்கூட அசையாமல் கிடந்தது.

"போதும்டா. இனி யாரும் இதைத் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

"ஆறாயிரத்துக்குக் காசு குடுத்துட்டு ஐயாயிரத்து சொச்சம் வாங்கிட்டுப் போறதா?" என்றார் அத்தான். அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. மெஷினிடம் கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு வழி தெரியவில்லை என்று போன் வந்தது. அக்கா கீழே ஓடினாள். நல்ல நாற்காலி ஒன்று கேட்டு வாங்க நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அத்தான் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அசந்த நேரம் பாத்துக் கேட்டேன் மச்சான். ஆறாயிரத்துக்கு ஒத்துக்கிச்சு."

"அத்தான், ஆன் ஆயிட்டா மட்டும் போதுமா? சோதனை ஓட்டினீங்களா?"

"ஓடுதே, பாரு."

பதில் சொல்வதற்குள் டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார். அதிகம் பேசாதவர். பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அக்கா வாசலைத் திறந்து அவரை அழைத்துப் போனாள். வரவேற்பு, மருந்துக் கடை, படிக்கட்டு. "இந்தக் கைப்பிடி நல்லா இருக்கே," என்றார் டாக்டரம்மா. அக்காவின் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதே இல்லை. பிரசவ அறைக் கதவைத் திறந்தாள். திரை முழுக்க நீலமாகி மெஷின் படுத்துவிட்டது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அத்தானைப் பார்த்தேன். அதற்குமேல் யாரும் அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று நான் பயாஸுக்குள் போய் வேகத்தைக் குறைத்துவைத்தேன். மெஷின் மறுபடி பழக ஆரம்பித்தது. கறுப்புத் திரை. டாக்டரம்மா பொறுமையாகத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. அத்தானுக்குத்தான் அந்த மௌனம் தாங்கவில்லை. அவர் ஊரில் மௌனம் என்றால் வாங்க வந்தவன் எழுந்து போகப் போகிறான் என்று அர்த்தம்.

"மேடம், ரேட் விஷயத்துல ஒண்ணும் யோசிக்காதீங்க. மத்தவங்க சொல்றதுல பாதிக்கு முடிச்சுக் குடுத்துடலாம்."

அக்கா இன்னும் ரேட்டே சொல்லியிருக்கவில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் ரேட்டே கேக்கலையே," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டார். "வேலை அழகா இருந்ததும்மா," என்று அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அவர் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் திரை வந்துவிட்டது. பிரசவ அறையை அக்கா மறுபடி திறக்கவே இல்லை.

இப்போது அதே ஆஸ்பத்திரியை அக்கா பழைய ஆபீசில் உட்கார்ந்து செய்கிறாள். அதே கட்டில், அதே கைப்பிடி. முதலாளி தான் செய்ததாகக் காட்டுகிறார். முன்பு கொடுத்த சம்பளத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் சேர்த்தார். அவள் பேரம் பேசவில்லையாம்.

போன வாரம் அத்தான் கூப்பிட்டார் என்று போனேன். இரண்டு ரேமை எடுத்துவிட்டு இரண்டோடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆறாயிரம். சீட்டாட்டம் திறந்திருந்தது.

"பாத்தியா மச்சான், விடாம கேட்டா கிடைக்கும். இந்த மிச்ச ரெண்டையும் நீயே எடுத்துக்க. உன் விலை என்ன?"

சொன்னேன். பழக்கதோஷம், கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடு."

அக்கா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவன் சொன்னதுக்கே குடுத்திடுங்க," என்றாள்.

"நீ சும்மா இரு," என்றார் அத்தான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "உனக்கு வியாபாரம் தெரியாது."