மூன்று உதை

மாவு மில்லின் பழைய முற்றத்தில் வெயில் ஈவிரக்கமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கோடை வந்தால் பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடும் இடம் அது. நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். வட்டத்துக்குள் வண்டியை நிறுத்தி, சொந்தக்காரர் மட்டும் உதைக்க வேண்டும். மூன்றே உதை. கருவி எதையும் தொடக்கூடாது. மூன்றுக்குள் உயிர் வந்தால் அந்த வண்டிக்கு மலைப்பாதை ஊர்வலத்தில் இடம் உண்டு. வராவிட்டால் தள்ளிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகை நிழலில் நிறுத்திவிட வேண்டியதுதான். எத்தனை பெரிய கொம்பனுக்கும் அங்கே அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் அவள் வந்திருந்தாள்.

கையில் தண்ணீர் பாட்டில், தோளில் மாத்திரைப் பை. வட்டத்தின் ஓரமாக நின்று கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். நெஞ்சைத் திறந்து தைத்த தழும்பு சட்டையின் மேல் பொத்தானுக்குக் கீழே எட்டிப் பார்த்தது. "வண்டி ஓட்டறதைக்கூடக் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். உதைக்கறது மட்டும் கூடவே கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததுமே, "ஒத்தை உதைல கிளம்பற வண்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார்.

ஒற்றை உதையோடு முடிந்தால் அவளுக்கும் கவலையில்லை. மலைப்பாதையில் ஊர்வலம் வளைவுக்கு வளைவு நிற்கும். நிற்கும் இடத்திலெல்லாம் மறுபடி உதைக்க வேண்டும். போகாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

அதனால் இன்று காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் சாவியை எடுத்து வீட்டு வண்டிக் கொட்டகைக்குள் போனாள். என்ஜின் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடி. கிளிப்பை விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். உள்ளே இரண்டு உலோகப் பொட்டுகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். அப்போதுதான் பொறி பிறக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவற்றை அரத்தால் தேய்க்க, டார்ச் பிடித்தவள் அவள்தான். கையில் கிடைத்தது அவருடைய பழைய இசிஜி தாள். அதில் நகத்தளவு கிழித்து இரண்டு பொட்டும் தொடாதபடி நடுவில் செருகினாள். ஆய்வகத்தில் ஊரார் கையிலெல்லாம் நரம்பு தேடி ரத்தம் எடுக்கும் விரல்கள், கொஞ்சமும் நடுங்கவில்லை. மில் வரைக்கும் வண்டியைச் சங்கத்து வேன் ஏற்றிப் போய்விடும். அங்கே மூன்று உதை, வண்டி மூச்சு விடாது, தள்ளிக்கொண்டு போவார், வீட்டுக்குத் திரும்பலாம். கணக்கு அவ்வளவுதான்.

"அடுத்தது நம்ம அண்ணனோட வண்டி, பெருசு!" என்று கூவினார் சங்கத் தலைவர். அவர் வண்டி கக்கும் புகையால் எல்லோரும் அவரைப் புகைக்கூண்டு என்றே கூப்பிட்டார்கள். "வழி விடுங்கப்பா. பெருசு இருமினா காது போயிடும்."

கண்ணாடிக்கடைக்காரர் வண்டியை வட்டத்துக்குள் உருட்டி வந்தார். கரும்பச்சை டேங்கைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். முதல் உதை. வண்டி வெறுமனே பெருமூச்சு விட்டது. இரண்டாவது. அவர் நெற்றியைச் சுருக்கி என்ஜினைப் பார்த்தார். மூன்றாவது.

ஒன்றுமில்லை.

கணக்கு பலித்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தாள்.

"இருங்க அண்ணி," புகைக்கூண்டு கையை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்கப்பா. இந்த மனுஷன் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, கோடைக்குள்ள என்னை எழுப்பி விட்டுடுங்கன்னு நர்ஸ்கிட்ட சொன்ன ஆளு. இவருக்கு மூணு உதைன்னா நியாயமா?"

"இல்ல!" முற்றமே குரல் கொடுத்தது.

"அப்ப இந்த ஒரு தடவை சட்டத்தைத் தூக்கி ஓரமா வைக்கறோம். அண்ணே, கிளம்பற வரைக்கும் உதைங்க."

கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. அத்தனை வருடத்தில் யாருக்கும் தளராத சட்டம், இன்றைக்குப் பார்த்து அன்பினால் தளர்ந்துவிட்டது.

நான்கு. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஒரே குரலில் எண்ணியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதுங்க," என்றாள். எண்ணுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. "போதும், விடுங்க!"

"பயப்படாதீங்க அண்ணி, இதோ வந்துடும்," என்றார் பக்கத்தில் ஒருவர், ஆறுதலாக.

எப்படி வரும்? அது வராது என்று இந்தப் பூமியில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அடுத்தவர் வண்டியில் ரகசியமாகக் கை வைத்தவரோடு இந்தக் கூட்டம் முகம் கொடுத்துப் பேசாது. அவரும் பேசாமல் போகலாம்.

ஏழாவது உதையில் அவர் கால் வழுக்கியது. ஹேண்டிலைப் பிடித்துச் சமாளித்து நிமிர்ந்தார். உதட்டில் நீலம் பாரித்திருந்தது. மற்றவர்கள் களைப்பு என்று நினைத்திருப்பார்கள். அவள் அந்த நிறத்தை ஆஸ்பத்திரியில் பார்த்தவள்.

சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். எட்டாவது உதைக்காக உயர்ந்த காலை முழங்காலில் பிடித்து இறக்கினாள். பிறகு குந்தி உட்கார்ந்து, மூடியின் கிளிப்பைத் தள்ளி, இரண்டு விரலால் தாளை உருவினாள். இளஞ்சிவப்புக் கட்டத்தில் ஒரு துண்டுக் கோடு, ஏறி இறங்கி, பாதியில் கிழிந்திருந்தது.

எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நடந்துபோய்க் கவிழ்த்து வைத்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. அவள் நீட்டிய மாத்திரையை மறுக்காமல் நாக்கின் அடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க, கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாடி தடதடத்தது, தடுக்கியது, கொஞ்ச நேரம் அவளை அலைக்கழித்துவிட்டு மெல்ல வரிசைக்கு வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

"அண்ணி, நீங்களா இப்படி..." என்று ஆரம்பித்தார் புகைக்கூண்டு.

"அவளை உதைக்கச் சொல்லு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"சொந்தக்காரர்தானே அண்ணே உதைக்கணும்?"

"பின் சக்கரம் அவ சம்பளத்துல வாங்கினது. பாதி அவளோடதுதான்." பிறகு அவளிடம், முகத்தைப் பார்க்காமலே, "முதல்ல மெதுவா அழுத்து. பாரம் தெரியும். தெரிஞ்சதும் விட்டுட்டு ஒரே உதை. பாதியில நிறுத்தினா காலைத் திருப்பி அடிச்சிரும்."

அவள் மூடியை மாட்டினாள். செருப்பைக் கழற்றி, யாரோ நீட்டிய பூட்ஸை மாட்டிக்கொண்டாள். முதல் உதை வீண். இரண்டாவதில் வண்டி ஒருமுறை குமுறி அடங்கியது. மூன்றாவதில் பெருசு எழுந்து உட்கார்ந்து, தொம் தொம்மென்று தரையை அதிரவைத்தது. யாரும் கைதட்டவில்லை.

அவர் எழுந்து வந்து டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கேட்டார். அவள் அவர் நெஞ்சில் கை வைத்துக் கேட்பது மாதிரியே இருந்தது. மலைப்பாதைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தானே என்ஜினை அணைத்தார்.

"வேன்ல ஏத்துங்கப்பா. வீட்டுக்குப் போறோம்."

வேன் கிளம்பியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வரப்போகிற திட்டுக்காகக் காத்திருந்தாள். தெரு முனை திரும்பும்போதுதான் அவர் கேட்டார்.

"தாளை ஒத்தையா வெச்சியா, மடிச்சு ரெட்டையா?"

"ஒத்தையா."

"ம்." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாள் அங்கேதான் இருந்தது. "இனிமே கொட்டகைச் சாவி நீயே வெச்சுக்க."