ஒரே வார்ப்பில் வந்த கம்பிகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பகடை அக்கா என்று பெயர். வேலை அப்படி. ஆற்றுக்கு மேல் தொங்கும் பாலத்தைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான தடவை கட்டுவாள். ஒவ்வொரு தடவையும் காற்று, பாரம், கம்பியின் பலம் எல்லாவற்றையும் பகடை போட்டு மாற்றி, ஆட்டிப் பார்ப்பாள். விழுந்தால் எண்ணிக்கொள்வாள். பாலமோ விழவே மாட்டேன் என்றது. அந்தக் கணக்கை நம்பித்தான் திறந்தார்கள். அதன் மேல் தினமும் பஸ் ஓட்டுகிறவன் அவள் புருஷன்.

போன வாரம் பராமரிப்புக்காரர்கள் பாலத்தைத் தூக்கிப் பிடிக்கும் தொங்குகம்பி ஒன்றில் விரிசலைப் பார்த்தார்கள். கழற்றிவிட்டு வேறு மாட்டினார்கள். கழற்றியதைச் சோதித்தால், உருக்கே சரியில்லை. எல்லாக் கம்பியும் அதே உலையில் அதே வார்ப்பில் வந்தவை.

அவள் கணக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனிப் பகடை. ஒன்று சொத்தையானால் பக்கத்துக் கம்பி தாங்கிக்கொள்ளும். நிஜத்தில் அத்தனைக்கும் ஒரே பகடை. சொத்தை என்றால் எல்லாமே சொத்தை.

கணக்கைத் திருத்தி ஓட்டினாள். தலைமைப் பொறியாளரிடம் ஓடினாள்.

"சார், பாலத்தை மூடணும். ஒரு வருஷத்துக்குள்ள விழறதுக்கு நூத்துக்கு ரெண்டு வாய்ப்பு இருக்கு."

"அப்ப நிக்கறதுக்குத் தொண்ணூத்தெட்டு! என் பையன் அவ்வளவு மார்க் வாங்கினா ஊருக்கே விருந்து வைப்பேன்."

"இது பரீட்சை இல்ல சார்."

"சரி, மத்த கம்பியெல்லாம் சொத்தைன்னு சத்தியம் பண்ணுவியா?"

அவளால் முடியாது. சத்தியம் பண்ண முடியாததை எண்ணிச் சொல்வதுதானே அவள் தொழில்.

"ஊகத்துக்கெல்லாம் ஊரை நிறுத்த முடியாதும்மா. போய் வேலையைப் பாரு."

மேலிடத்துக்கு எழுதினாள். மேலிடம் அதை அவரிடமே அனுப்பி விளக்கம் கேட்டது.

காலையில் புருஷன் சீருடை மாட்டிக்கொண்டிருந்தான்.

"லீவு போடுங்க."

"எத்தனை நாளைக்கு?"

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகலேன்னா வேறொருத்தன் ஓட்டுவான். அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா. நீ போட்ட கணக்குன்னு தானேடி நம்பி ஓட்டறேன்?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் பஸ்ஸில் ஏறினாள். அவனுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். நடுப்பாலத்தில் முன்னால் லாரி நின்றுவிட, பஸ்ஸும் நின்றது.

"என்னப்பா, இங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். பஸ்ஸே சிரித்தது.

காலுக்கடியில் மெல்லிய ஆட்டம். திரையில் பார்த்துப் பழகிய ஆட்டம்தான். நிற்கிற பாலமும் இப்படித்தான் ஆடும். விழப்போகிற பாலமும் இப்படித்தான் ஆடும்.

லாரி நகர்ந்தது. பஸ் அக்கரை சேர்ந்தது.

"பாத்தியா? ஒண்ணும் ஆகல," என்றான் புருஷன்.

நாளைக்குத் தலைமைப் பொறியாளரும் இதையேதான் சொல்வார். கடந்து போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அவருக்குச் சாட்சி. அவள் சொன்னது சரி என்று ஆகப்போவது ஒரே ஒரு நாள்தான். அந்த நாள் வரவே கூடாது என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் விசிலடித்தார். திரும்புகிற டிரிப்.

"நீ இறங்கலையா?" என்று புருஷன் திரும்பிப் பார்த்தான்.

அவள் முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் ஸ்டியரிங்கைத் திருப்பினான்.