வெண்டைக்காய்ப் பூ அட்டை

நாகஜோதி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினாள். குழம்புக்கு அல்ல. காம்புப் பக்கம் விரல் நீளம் விட்டு வெட்டி, வெட்டின முகத்தைச் சாயத்தில் தொட்டு அட்டையில் அழுத்தினால் ஐந்து இதழோடு ஒரு பூ விழும். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் வைத்திருந்த வித்தை அது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அழகுராஜா திவ்யாவுக்கும், திவ்யா அழகுராஜாவுக்கும் அட்டை செய்து, தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள்.

நாளைக்குப் பத்து வயது, திவ்யாவுக்கு மட்டும். அழகுராஜா காய்ச்சலில் போய் மூன்று மாதமாகிறது.

முந்தாநாள் திவ்யா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அவனுக்கு இனிமே பத்து வயசு வராதுல்லம்மா? அப்ப எனக்கும் வர வேணாம்."

மறுநாளே நாகஜோதி சந்தையில் வெண்டைக்காய் வாங்கி வந்தாள்.

ஆனால் துக்க வீடு. புருஷனின் அக்காள் ராக்கம்மாள் அடுத்த சந்தில் இருந்தாள். "வருசம் திரும்புற மட்டும் இங்க ஒரு நல்லதும் கூடாது. கேக்கு கீக்குன்னு கேள்விப்பட்டேன், தெரியும் சேதி" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

பெயின்ட் டப்பா அழகுராஜாவுடையது. அவனுக்குப் பிரஷ் பிடிக்காது, எல்லாம் விரல்தான். சிவப்பு வில்லையின் நடுவில் அவன் விரல் தோண்டிய குழி இருந்தது. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. மஞ்சளிலும் ஊதாவிலும் ஏழு பூக்களை அச்சு வைத்தாள். பூக்களின் நடுவில் பசை தடவி ஜிகினாத் தூளைத் தூவினாள். பக்கத்துப் பட்டறையில் தறி ஓடும் அதிர்வில் தூள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

பிறகு பேனாவை எடுத்தாள். கீழ் மூலையில் 'இப்படிக்கு அழகுராஜா' என்று எழுதுவான். இப்போது யார் பெயரை எழுதுவது? அவன் பெயரை எழுதினால் பொய். தன் பெயரை எழுதினால், அவன் இல்லை என்பதை அட்டையே சொல்லிவிடும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ராக்கம்மாள் வந்தாள், கையில் ரசச் சட்டியோடு.

"பட்டப்பகல்ல என்னடி கதவச் சாத்திக்கிட்டு? மூஞ்சியில என்ன மின்னுது?"

"ஒண்ணுமில்ல மதினி."

முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஜிகினா கன்னமெல்லாம் பரவியது.

"புள்ளையப் பறிகுடுத்து மூணு மாசம் முழுசா ஆகல. சிங்காரம் கேக்குதோ?"

நாகஜோதி ஒதுங்கினாள். அட்டை தெரிந்தது.

"திவ்யாவுக்கு மதினி. பத்து வயசே வேணாங்கிறா."

ராக்கம்மாள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இம்புட்டு எடம் ஏன் சும்மா கெடக்கு?"

"அவன் பேரு எழுதுற எடம்."

ராக்கம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள். தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தாயும் தகப்பனும் சுருண்டு கிடந்தபோது, பிள்ளையின் உடலை வாங்கக் கைநாட்டு வைத்தவள் அவள்தான்.

"அன்னைக்கு வச்ச வெரலு. நாலு நாளு கழுவியும் மை போகல தாயி."

நாகஜோதி தடுப்பதற்குள் ராக்கம்மாள் விரலை ஈரமாக்கி, அந்தச் சிவப்புக் குழியில் அழுத்தி எடுத்து, வெறும் இடத்தில் பதித்தாள்.

"யாருன்னு கேட்டா அத்தைன்னு சொல்லு. கேக்கு கெடையாது, ஆமா" என்றபடி எழுந்து போனாள்.

நாகஜோதி கும்பிடக் கையெடுத்தாள். சாமி அவளுக்கு ஆறுதலை ஒரு விரல் அளவுதான் அனுப்பியிருந்தது. அதையும் கோபக்காரி ஒருத்தியின் கையில் அனுப்பியிருந்தது.

காலையில் திவ்யா தலையணைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்தாள். சிரிக்கவில்லை. பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இந்தச் செவப்பு யாரு வச்சது?"

"அத்தை."

அந்தப் பதிவின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"அத்தைக்கு எப்பம்மா பொறந்தநாளு?"

"அவுகளுக்கே தெரியாது தாயி."

திவ்யா அட்டையைத் தலையணைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"வெண்டைக்கா மிச்சம் இருக்கா?"