பேச்சுவார்த்தைக்கு வந்த நாற்காலி

பேச்சுவார்த்தைக்குத் துணைவேந்தர் வரவில்லை. தன் நாற்காலியை அனுப்பிவைத்தார்.

அலுவலக உதவியாளர் ராக்கியண்ணன் அதை மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, தொழிலுறவுத் துறையின் நீண்ட மேசையில் நிர்வாகத் தரப்புப் பக்கமாக இறக்கி வைத்தார். உயர்ந்த முதுகும் கருப்புத் தோலுமாக, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் நாற்காலி. எதிர்ப்பக்கம் இருந்த ஆசிரியர்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். துறைத் தலைவர் நஞ்சப்பன் வருகைக்கு நன்றி தெரிவித்தார். நாற்காலிக்கும் ஒரு தேநீர் வைக்கப்பட்டது.

கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். துறையை மூடக் கூடாது. அதற்காக முதலில் குரல் கொடுத்தவள் சவுடேஸ்வரி. மில் மூடிய ஊரில் பிறந்து, மூடுவது என்றால் என்னவென்று பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துகொண்டவள். இந்தத் துறையில் படித்து, இந்தத் துறையிலேயே பாடம் நடத்துகிறாள். இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. காலையிலிருந்து அவள்தான் பேசினாள், தொண்டை வறளப் பேசினாள். நாற்காலி பிடி கொடுக்கவே இல்லை. சரியான கல்லுளிமங்கன்.

மத்தியானத்துக்கு மேல் நஞ்சப்பன் பேனாவை மூடினார்.

“ஒரு தரப்பு வாயே தொறக்கலீன்னா அது பேச்சுவார்த்தையே இல்லைங்க. நாமதான பசங்களுக்குச் சொல்லித் தர்றோம்.”

துறையின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் சீட்டுக் குலுக்கி மாணவர்களைத் தொழிலாளி, முதலாளி என்று பிரிப்பார்கள். முதலாளிச் சீட்டு வந்தவன் முதலாளியாகவே வாதாட வேண்டும். அப்பா மில்லில் கிடந்து சாகிறாரே என்று இரக்கப்பட்டு ஒப்புக்குப் பேசினால் பெயில். கையெழுத்து விழுந்த பிறகு தரப்பு மாறினாலும் பெயில். அப்படிப் பெயிலானவர்களில் முக்கால்வாசிப் பேரைப் பெயிலாக்கியது சவுடேஸ்வரிதான்.

குலுக்கினார்கள். நிர்வாகச் சீட்டு அவளுக்கு விழுந்தது.

அவள் தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பழைய பிரம்பு நாற்காலி. அதன் ஒரு கை ஆடுகிறது என்று நீல வயரால் கட்டி வைத்திருந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கருப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கு வைத்திருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தாள்.

“சொல்லுங்க,” என்றாள்.

“துறை இருந்தாத்தானுங்க சண்டை பேச்சோட நிக்கும். இல்லாட்டி வெட்டுக்குத்துல போய் முடியும்,” என்றார் நஞ்சப்பன்.

“சண்டை போட ஆளு எங்கீங்க? இப்பெல்லாம் வேலைய விட்டு நிறுத்துனா செல்போன்ல ஒரு மெசேஜ் வருது. டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் பேசாமப் போயிடறாங்க. உறவே இல்லாத எடத்துல உறவைப் பத்தி என்னத்தைச் சொல்லித் தருவீங்க?”

சொன்னது உண்மையாக இருந்ததுதான் கொடுமை. ஒப்புக்குப் பேச அவளுக்கு வராது. காலையில் தான் வைத்த வாதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தானே உடைத்துப் போட்டாள். சாயங்காலம் நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வாதம்ங்க” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மற்ற ஆசிரியர்களும் போட்டார்கள். துறையை மூடுவதென்று முடிவாயிற்று.

“கார் கீழ நிக்குதுங்கம்மா,” என்றார் ராக்கியண்ணன், நாற்காலியைத் தூக்கியபடி. சவுடேஸ்வரி அதன் பின்னாலேயே இறங்கிப் போனாள். பழைய துணைவேந்தர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலி இருந்தது, அதில் ஆளும் இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய கார் பல்கலைக்கழக வாசலைக் கடந்தபோது, சாமியானா பந்தலுக்குக் கீழே அவளுடைய பிரம்பு நாற்காலி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் மாலை. பின்னால் சாகும்வரை உண்ணாவிரதம் என்று பேனர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதது அது ஒன்றுதான். அதனால் எதிர்க்கும் உரிமையும் அதற்கு மட்டும்தான் மிச்சமிருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் பக்கத்தில் நின்று விசிறினார்கள். அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனதும் ராக்கியண்ணனிடம் தினமும் கேட்பாள். “எப்படி இருக்குது?”

“பிரம்பெல்லாம் தளந்துருச்சுங்கம்மா. டாக்டர் பாத்துட்டு ஒதட்டைப் பிதுக்கிட்டுப் போனாருங்க.”

அவளுக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் மனசு கேட்காமல் எலுமிச்சை ஜூஸ் கலந்து எடுத்துக்கொண்டு தானே பந்தலுக்கு நடந்து போனாள்.

“வாங்க மேடம்,” என்றார் நஞ்சப்பன். அதுவரை சவுடேஸ்வரிம்மா என்றுதான் கூப்பிடுவார். “கோரிக்கைய ஏத்துக்கிட்டீங்களா?”

“ஏத்துக்க முடியாதுங்க. கையெழுத்தாயிருச்சு.”

“அப்பறம் ஜூஸ் எதுக்குங்க?”

நாற்காலி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. நீல வயர் அவிழ்ந்து தொங்கியது. ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனாள். நஞ்சப்பன் குறுக்கே கையை நீட்டினார்.

“உண்ணாவிரதத்துல இருக்கறவங்க மேல உக்காரக் கூடாதுங்க மேடம்.”

வெள்ளிக்கிழமை நாற்காலி இறந்துபோனது. அன்றைக்கே துறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இரங்கல் கூட்டத்துக்கு நிர்வாகத்தின் சார்பில் யாராவது வர வேண்டும் என்று பந்தலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். துணைவேந்தர் நேரில் போகிற வழக்கம் கிடையாது. சவுடேஸ்வரி எழுந்து ஒதுங்கிக்கொண்டு, கருப்பு நாற்காலியை ராக்கியண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு ஜன்னலோரம் நின்று வெகுநேரம் அழுதாள்.

இருட்டும் நேரத்தில் ராக்கியண்ணன் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“வர மாட்டேங்குதுங்கம்மா. அந்த எடத்துலயே அதுவும் உண்ணாவிரதம் உக்காந்துருச்சு. மாலையும் போட்டுட்டாங்க.”

சவுடேஸ்வரி நின்றபடியே அடுத்த கோப்பைப் பிரித்தாள்.

“ஜூஸ் கலக்கட்டுங்களா? எலுமிச்சைதானுங்க?”

“சாத்துக்குடி,” என்றாள். “அதுக்கு எலுமிச்சை ஒத்துக்காது.”