கைக்குத் தெரியாத காய்ச்சல்

அன்று காலை என் மகள் என்னோடு சண்டை போடவில்லை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் காலைப்பொழுது ஒரு போர்க்களம். முதலில் காலுறை. இது குத்துது, இது லூசா இருக்கு, இது நேத்துப் போட்டது. பிறகு ஸ்வெட்டர். தலை உள்ளே மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்கு, யாரோ கடத்திக்கொண்டு போவதுபோல் உள்ளேயிருந்து ஓர் அலறல் வரும். கடைசியில் தலைமுடி. நான் சீப்பைக் கையில் எடுத்ததும் கீழ்வீட்டுக்காரர், அதற்கென்றே காத்திருந்தவர்போல், கம்பால் தன் கூரையை இடிப்பார். அவள் அம்மா வேறு ஊரில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். குளிர் போனபிறகுதான் வருவாள். அதுவரைக்கும் இந்த வீட்டில் சமையற்காரன், சலவைக்காரன், சிகை அலங்காரக்காரன் எல்லாம் நான் ஒருவன்தான்.

அன்றைக்குச் சுண்டு, நான் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொண்டாள். மகளைச் சுண்டெலி என்று நான் கூப்பிடப் போய், அது தேய்ந்து சுண்டு ஆகிவிட்டது. ஸ்வெட்டருக்குக் கையைத் தூக்கினாள். சிக்கெடுக்கும்போது 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் ஏமாந்திருப்பார்.

பால் டம்ளரை வைத்துவிட்டு நான் ரொட்டி வாட்டப் போனேன். திரும்பி வந்தால் அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஆவி படிந்த கண்ணாடியில், அவள் உயரத்துக்கு, வட்டமாக ஓர் இடம் தேய்ந்திருந்தது.

"எத்தன தடவ சொல்றது? கண்ணாடியில மூஞ்சியத் தேய்க்காதன்னு! தெனமும் தொடைக்கிறது நான்தானே?"

"வேன் வருதான்னு பாத்தேன்பா."

"வேன் வந்தா ஊருக்கே கேக்கற மாதிரி ஹாரன் அடிப்பான். வா, பாலைக் குடி."

பாதிதான் குடித்தாள். வழக்கம்போல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. கழுத்தையும் தொடலாம் என்று கையைக் கொண்டு போனேன். அவள் கழுத்துத் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஐயோ, கூசுது" என்று ஓடிவிட்டாள். கீழே ஹாரன் அடித்தது. படியிறங்கிப் போனவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் குளிர்கிடங்கில் வேலை. மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் என்று ஊரார் அடுத்த மாதம் தின்னப் போவதையெல்லாம் கல்லாக்கி அடுக்கி வைத்திருக்கும் இடம். இரட்டை உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். ஆனாலும் குளிர் எலும்புக்குள் குடியேறிவிட்டது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் முக்கினாலும், படுத்துத் தூங்கி எழுந்தாலும் கை ஐஸ்தான். அந்தக் கையால் தொட்டால் யாருக்கும் காய்ச்சல் அடிக்கும். கதவுக் கைப்பிடிக்கே காய்ச்சல் அடிக்கும்.

இவள் அம்மா ஊருக்குப் போன புதிதில் நான் இதை யோசிக்கவில்லை. தொட்டால் சுடுகிறது, உடனே லீவு, உடனே டாக்டர். டாக்டர் கருவியை வைத்துப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. இன்னொரு முறை குழந்தை பள்ளியில் இருக்கும்போது சந்தேகம் வந்து, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். அப்போதும் ஒன்றுமில்லை. "பொண்ணுக்கு மருந்து வேண்டாங்க. உங்க கைக்கு ஒரு கம்பளி வாங்குங்க" என்றார் டாக்டர். அதைச் சுண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்தது.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார், எங்கள் கிடங்கின் மேற்பார்வையாளர் அம்மா. யாராவது கதவைத் திறந்தால் போதும், எங்கிருந்தாலும் "கதவு! கதவு!" என்று கத்துவார். அதனால் அவருக்குக் கதவம்மா என்றே பெயர். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார்: "இனிமே ஒரு தடவ பாதியில போனீங்கன்னா, அப்படியே போயிடுங்க. திரும்பி வர வேணாம்." சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் நிதானமாகச் சொன்னதுதான் பயமுறுத்தியது. அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினேன். வேலை போய்விட்டால் நீ பயிற்சியை விட்டுவிட்டு வர வேண்டியதுதான் என்றேன். சுண்டு மேசைக்கு அடியில் பொம்மைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் பார்க்கும் கருவி வீட்டில் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டேன், போட்டதை மறந்து குளிரறைக்குள் போய்விட்டேன். அதோடு அது செத்துப்போனது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று தினமும் கடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். என் சாமர்த்தியம் அவ்வளவு.

ஆகவே அன்று காலையில் கவலைப்பட எந்த நியாயமும் இல்லை. எல்லாமே சுடுகிற என் கைக்கே அவள் நெற்றி சுடவில்லை. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இதைச் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனேன். சொல்லிக்கொண்டே கனத்த அங்கியை மாட்டினேன். மனசு மட்டும் கேட்பதாயில்லை.

உள்ளே பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டி, எது எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. தூக்குவண்டி ஓட்டுகிற அண்ணன் நான் காட்டும் பக்கம் கொண்டுபோய் அடுக்குவார். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளையாக நின்றது. ஒட்டுவதும், ஏன் சண்டை போடவில்லை என்று நினைப்பதுமாக இருந்தேன். பால் பாதிதான் குடித்தாள். ஆனால் பால் அவளுக்கு என்றைக்குமே ஆகாது. திரும்பிப் பார்க்கவில்லை. வேனில் கூட்டாளிகள் இருந்திருப்பார்கள். சிக்கெடுக்கும்போது அழவில்லை. அதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வண்டி நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, பட்டாணி வரிசைல மீனை ஏத்தச் சொல்ற? ஊர்ல எல்லாரையும் ஒரே நாள்ல மீன் தின்ன வைக்கப் போறியா?"

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நல்லாத்தான் இருக்கா."

"அப்ப உனக்குத்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார்.

இடைவேளையில் சூடேற்றும் அறைக்குப் போனோம். குளிரில் செல்போன் அணைந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் அங்கே அலமாரியில் பூட்டி வைத்திருப்போம். எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நல்லதுதானே? பள்ளிக்கூடத்துக்கு நானே அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் எடுக்கவில்லை. வெந்நீரைக் கோப்பையில் பிடித்துக் கையில் வைத்திருந்தேன், குடிக்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், அலமாரியைத் திறந்து மூடினேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுத் தன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"போயிட்டு வந்துடேன்பா."

"வேலை போயிடும்ண்ணே."

"இருந்தா மட்டும் இங்க வேலையா பாக்கப் போற? மீனையும் பட்டாணியையும் கலந்துகிட்டு இருக்கப் போற."

கதவம்மா கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போனதும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டுவிட்டார்.

"ஸ்கூல்லேருந்து கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"காலைல காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

என்ன சொல்வது? என் மகள் தலை சீவும்போது அழவில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வந்தமாதிரி இல்லை. அலுத்துப்போனவர் மாதிரி இருந்தது.

"உங்ககிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். எனக்கும் மேல ஆள் இருக்காங்க. போறதுன்னா அங்கியைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்."

கழற்றி வைத்தேன். ரோஷமும் இல்லை, வீரமும் இல்லை; விறைத்த விரலுக்குப் பொத்தானைக் கழற்றவே நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது கதவைச் சாத்த மறந்துவிட்டேன். பின்னாலிருந்து "கதவு!" என்ற குரல் வந்தது.

தெருவெல்லாம் பனி உருகிச் சேறாகியிருந்தது. பேருந்துக்கு நின்று பார்த்தேன், நிற்க முடியவில்லை. நடந்தேன், அப்புறம் ஓடினேன். ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நடுவில், ஒன்றும் இல்லாவிட்டால் வேலையை வீணாக விட்ட முட்டாள் ஆவேனே என்றும் தோன்றியது. அப்படி நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

பள்ளியில் அலுவலக அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் சுண்டு படுத்திருந்தாள். மேலே டீச்சரின் சால்வை. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. டீச்சர் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் எண்ணைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை, வந்துட்டீங்க சார். இப்பத்தான் வகுப்புல தலைய சாச்சுட்டா. ஒடம்பு கொதிக்குது. இப்படியே எப்படி சார் அனுப்பினீங்க?"

தொட்டேன். இதற்கு என் கைதான் வேண்டும் என்றில்லை. யார் கைக்கும் தெரியும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நீ ஏன்பா வந்த?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார். இந்தத் தடவை கேலி பண்ணவில்லை.

"சளி நெஞ்சுல இறங்கியிருக்கு. இன்னிக்கு ஆரம்பிச்சதில்லைங்க இது. நேத்தே நல்லா காய்ச்சல் இருந்திருக்கும்."

"தெனமும் காலைல தொட்டுப் பாக்கறேன் டாக்டர். நேத்தும் பாத்தேன். இன்னிக்கும் பாத்தேன். சுடவே இல்ல."

"உங்க கைக்கு எல்லாமே சுடுமே?"

"ஆமா."

"அப்ப இது மட்டும் ஏன் சுடல?"

அவர் மருந்துச் சீட்டு எழுதினார். மருந்து நேரத்துக்குப் போனால் சரியாகிவிடும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்திருக்கும் என்றார். வரும் வழியில் கருவியும் வாங்கினேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும்போது, கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். "காலைல சத்தமே இல்லையேன்னு நெனச்சேன்" என்றார். அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மருந்து கொடுத்ததும் வியர்த்தது, தூங்கினாள். நான் தூங்கவில்லை. வேலை போனதை மனைவியிடம் சொல்லவில்லை, இவளிடமும் சொல்லவில்லை. கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏன் சுடவில்லை, ஏன் சுடவில்லை என்று அதே கேள்விதான். என் கை முழுக்கவே மரத்துப்போய்விட்டதா? அடுப்பருகே கையை நீட்டிப் பார்த்தேன். சுட்டது.

விடியும் நேரத்தில் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அவள் ஜன்னலோரம் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். நுனிக்காலில் எம்பி, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"சுண்டு! என்னடா பண்ற அங்க?"

"இருப்பா. இன்னும் கொஞ்சம்."

"என்ன இன்னும் கொஞ்சம்?"

"உன் கைக்கு நான் எப்பவும் சுடுவேன்ல? நீ லீவு போட்டுடுவ. அப்புறம் கதவம்மா வராதன்னு சொல்லிடுவாங்க. அம்மா படிக்க முடியாது." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அதான் தெனமும் ஆத்திக்கறேன். இன்னிக்கு மட்டும் ஆறவே மாட்டேங்குதுப்பா."

கண்ணாடியில் அவள் தலையைச் சுற்றிலும், ஆவிக்கு நடுவே, வட்ட வட்டமாகப் பழைய தடங்கள். நான் தினமும் திட்டிக்கொண்டே துடைத்தவை அவை.

அவள் திரும்பி, முடியை ஒதுக்கிக்கொண்டு, நெற்றியை என்னிடம் காட்டினாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தொடுப்பா. வேலைக்கு நேரமாச்சு."

தொட்டேன். என் கைக்கு அது சுடவே இல்லை.