ஏழாம் மாதத் தாளில் நின்ற மழை

தன் அக்காவின் சோளக்காட்டுக்கு மேல் நின்ற கருமேகத்தை ஸ்டுடியோக்காரன் படம் பிடித்தபோது, மேகம் கேமராவுக்குள் போய்விட்டது. அப்போது மாலை நாலேகால் மணி. அது நின்ற இடம் கதவைப் பெயர்த்த சுவர் மாதிரி வெறுமையாகக் கிடந்தது. சுற்றுக் காடுகளிலெல்லாம் நல்ல மழை. அக்காவின் மூன்று ஏக்கரில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை, அதற்குப் பிறகும் விழவில்லை. கேமரா கையில் கனத்து, அடியில் ஈரம் கசிந்ததுமே அவனுக்கு விஷயம் புரிந்தது. புரிந்தும் படத்தைப் போட்டிக்கு அனுப்பினான். பதினெட்டு வருஷம் பாஸ்போர்ட் முகங்களையே எடுத்தவன் அவன். படம் பரிசு வாங்கியது. விதைக் கம்பெனி ஒன்று அதைக் காலண்டரில் ஏழாம் மாதத்துக்கு அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தது.

அக்கா புருஷன் தன்னையே நொந்துகொண்டார். நாலு நாள் தள்ளி விதைத்ததால்தான் காடு காய்ந்தது என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் சாப்பிடப் போகிற ஸ்டுடியோக்காரன், "ஆமா மாமா, கொஞ்சம் முந்தியிருக்கலாம்" என்பான். இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் அவர் அந்த வயதில் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று துணிமணியைக் கட்டினார். அப்போதுதான் அவன் வாயைத் திறந்து, மேகம் கேமராவுக்குள் போனதைச் சொன்னான். அவர் கட்டின முடிச்சைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அக்காதான் பேசினாள்.

"நீ கேமராவைத் தூக்கினதை வரப்புல நின்னு பாத்தேன்டா. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பழியை இவர் தலையில விட்டுட்டு நானும் வாயை மூடிட்டேன்."

மறுநாளிலிருந்து அவன் வீடு வீடாகப் பழைய காலண்டர் கேட்டுப் போனான். ஏன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாள் தொங்கிய சுவரெல்லாம் ஊறிப்போயிருந்தது. பாவம், அதுவரை கொத்தனாரைத்தான் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். தையல்காரம்மா, "ஓசியில குடுத்ததைத் திருப்பிக் கேக்குற மொத ஆளு நீதான். செவுத்துக்கு வெள்ளையடிச்சிட்டு எடுத்துட்டுப் போ" என்றாள். அடித்துக் கொடுத்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு தாள் சேர்ந்தது. காட்டின் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி அக்கா கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். தாள்கள் மூன்று நாள் சொட்டின. பிறகு வெள்ளையாக வெளுத்தன. மேலே வானத்தில் கிடந்த வெறுமையும் மூடிக்கொண்டது. கடைசித் தாள் வெளுக்குமுன் மாமா அதைக் கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்டா எடுத்திருக்க" என்றார்.

அடித்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். ஈரமண்ணைப் பார்த்தபடி நின்றான்.

தாளைக் கொடுக்க மனம் வராத வீடுகளும் உண்டு. அங்கே ஏழாம் மாதம் பிறந்தால் காலண்டருக்கு அடியில் வாளி வைக்கிறார்கள். நிறைந்ததும் ஸ்டுடியோக்காரன் வந்து தூக்கிப்போய்ச் சோளக்காட்டில் ஊற்றுகிறான். அவன் வருவது தெரிந்தால் மாமா ஏதோ வேலை இருக்கிற மாதிரி காட்டின் மறுமுனைக்குப் போய்விடுவார். ஊற்றி முடிக்கும் வரை அந்தப் பக்கமே திரும்புவதில்லை.